அற்புதக் கிணற்றில் கேசரிப் பவுடர்

நல்மொழிபுரத்துப் பள்ளிக்கூடத்தில் மற்ற டீச்சர்மார் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போனால் கொடைக்கானல், கன்னியாகுமரி, தண்ணீரில் சறுக்கி விழும் பூங்கா என்று போவார்கள். திரும்பி வரும்போது பிள்ளைகள் கையில் ஒரு பொம்மையும் முகத்தில் ஒரு சந்தோஷமும் இருக்கும். ஜெயஷீலா டீச்சர் கூட்டிப்போனால் பாறை. போய் நின்று பாறையைப் பார்க்க வேண்டும், தடவ வேண்டும், அதன்மேல் ஆசிட்டைச் சொட்டுவிட்டு அது நுரைப்பதைப் பார்த்து ஆச்சரியப்பட வேண்டும். ஆச்சரியப்படாதவனுக்கு வேனிலேயே மண்டகப்படி.

"கல்லக் காட்ட வேன் எதுக்கு? நம்ம தெருவுல கிடக்காத கல்லா?" என்று பக்கத்து வீட்டு இன்பமணி வருஷாவருஷம் கேட்பதுண்டு. டீச்சர் காதில் விழவேண்டும் என்றே மதிலோரம் வந்து நின்று கேட்பாள்.

விழும். விழுந்தால் டீச்சரின் மூக்கு நுனி சிவக்கும். கோபம் வருவதற்கு முன்னாலேயே அவளுக்கு மூக்கு சிவந்துவிடும். அவளைக் கட்டிய கிருபாநிதி காலையில் எழுந்ததும், மீன்பிடிக்கப் போகிறவன் வானத்தைப் பார்ப்பதுபோல முதலில் அந்த மூக்கைத்தான் பார்ப்பார் என்பது தெருவில் உள்ள பேச்சு. பார்த்துவிட்டு நேரத்தோடு தூத்துக்குடி பஸ்ஸைப் பிடித்துவிடுவார். துறைமுகத்துப் பக்கம் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் வேலை.

இந்த வருஷமும் டீச்சர் பிளஸ் ஒன் பூகோளக் குரூப்பை வேனில் அள்ளிப்போட்டு மணப்பாட்டுக்குக் கொண்டுபோனாள். வியாழக்கிழமை. சிலுவைக் கோயில் நிற்கும் மேட்டின் கடல் பக்கமாக இறங்கி, அலை குடைந்த ஓட்டை எது, மழை கரைத்த ஓட்டை எது என்று ஒவ்வொன்றாய்க் காட்டினாள்.

"இது கருங்கல் இல்ல. மணலும் சிப்பியும் சுண்ணாம்பும் சேந்து இறுகினது. மழைத்தண்ணிக்கு லேசா ஒரு புளிப்பு உண்டு. அது சுண்ணாம்பக் கொஞ்சங்கொஞ்சமாக் கரைச்சு உள்ள பாதை போட்டுரும். மேல பாத்தாப் பாறை. உள்ள பூராவும் பொந்து."

"எங்க பெரியப்பா மாதிரி," என்றான் பெவின். ஊரில் பெரிய மளிகைக்கடை இவனுடைய அப்பாவுடையது. "மேல வெள்ளைச் சட்டை. உள்ள..."

"வாய மூடுலே. மணலு வடிகட்டும், மண்ணு வடிகட்டும். இந்தப் பாறை வடிகட்டாது. இந்தப் பக்கம் என்னத்த ஊத்துதியோ அத அப்படியே அந்தப் பக்கம் கொண்டு குடுத்துரும். மனசுல ஏத்திக்கோ."

பெவின் ஏற்றிக்கொண்டானோ இல்லையோ, பின்வரிசையில் நின்ற சந்தனச்செல்வி ஏற்றிக்கொண்டாள். கீழவிளையிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு வரும் பிள்ளை. வகுப்பில் வாயைத் திறக்கமாட்டாள். அன்று சாயங்காலம்தான் திறந்தாள்.

பாடத்தின் மறுபாதி உள்ளூரிலேயே இருந்தது. நல்மொழிபுரத்துக்கு மேற்கே, திருச்சபைக்குச் சொந்தமான விளைநிலத்தின் மூலையில் ஒரு பொந்து உண்டு. எந்தக் காலத்திலோ கிணறு வெட்டப்போய், தண்ணீர் நிற்காமல் கைவிட்ட குழி. குப்பையும் செத்த நாயும் போட அது ரொம்ப வசதியாக இருந்தது. அப்புறம் அந்த டிசம்பர் வெள்ளம் வந்தது. குளம் உடைந்து ஊரை நோக்கி வந்த தண்ணீரெல்லாம் அந்தக் குழிக்குள் சுழித்துக்கொண்டு இறங்கியது. நாள்கணக்கில் குடித்தது, நிரம்பவே இல்லை. ஊர் தப்பியது. அன்றிலிருந்து அது பொந்து இல்லை, அற்புதக் கிணறு. சுற்றிலும் டைல்ஸ் ஒட்டிய கைப்பிடிச்சுவர், வசனம் வெட்டிய சலவைக்கல், வருஷத்துக்கொரு ஸ்தோத்திர ஆராதனை. நாயைப் போட்டவர்களே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். 'அதுக்குப் பேரு உறிஞ்சு துளை, கீழ இருக்கது சுண்ணாம்புப் பாறை' என்று சொன்ன ஜெயஷீலா டீச்சருக்கு விசுவாசக் குறைவு என்று பெயர் வந்தது.

வேன் அங்கே வந்து நின்றபோது கைப்பிடிச்சுவரில் புதிதாக ஓர் ஓட்டை இருந்தது. அதன் வழியே தொடைப் பருமனுக்கு ஒரு பிவிசி குழாய் உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் எட்டிப்பார்த்த நேரத்துக்குச் சரியாக அது குடுகுடுவென்று ஏதோ கக்கியது.

முன்வரிசைப் பிள்ளை ஜெபிஷா மூக்கைப் பொத்தினாள். "டீச்சர், அற்புதம் நாறுது."

யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் குழாயை ஒட்டியே நடந்தாள். பிள்ளைகள் பின்னால் நடந்தார்கள். குழாய் விளையைத் தாண்டி, கருவேலம்புதருக்குள் புகுந்து, நேராகச் சபையார் புதிதாகக் கட்டிய கல்யாண மண்டபத்தின் பின்புறத்தில் போய் முடிந்தது. ஒரு பக்கம் சமையல்கட்டு, மறுபக்கம் வரிசையாகக் கக்கூஸ்.

"டீச்சர்," என்றாள் சந்தனச்செல்வி. "வடிகட்டாதுன்னு காலையில சொன்னீங்க."

"ஆமா."

"அப்ப இது எங்க போவும்?"

டீச்சர் கீழே திரும்பிப் பார்த்தாள். மண்டபத்திலிருந்து பார்த்தால் சரிவின் அடியில் கீழவிளையின் ஓட்டு வீடுகள் தெரிந்தன.

"எங்க ஊருல ஆறு வீட்டுல மஞ்சக்காமாலை, டீச்சர். எங்க மதினிக்கு எட்டு மாசம். பெரியாஸ்பத்திரியில கண்ணெல்லாம் மஞ்சளாக் கிடக்கா. பிள்ளையா தாயான்னு கேட்டுட்டு இருக்காவ. டாக்டரு, குடிக்கிற தண்ணிய மாத்துங்கன்னாரு. எந்தத் தண்ணிக்கு மாத்த? எங்களுக்கு இருக்கது ஒரு கிணறு."

அவ்வளவுதான் சொன்னாள். டீச்சரின் மூக்கு சிவந்தது. நுனி மட்டுமில்லை, முழு மூக்கும்.

மண்டபத்துக்கு முன்னால் சனிக்கிழமை அசனத்துக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அசனம் என்றால் சபையின் வருஷ விருந்து. கிடாய்களை அறுத்து, அண்டா அண்டாவாகச் சோறாக்கி, ஊருக்கும் சுற்று ஊருக்கும் போடுவது. வெளியூரில் இருக்கிறவனும் லீவு போட்டு வந்துவிடுவான். பந்தலுக்கு நடுவே நாற்காலி போட்டு அருமைநாயகம் உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடத்துக்குத் தாளாளர், சபைக்குச் செயலர், மண்டபத்துக்கு எல்லாம். வேட்டி மடிப்பு நலுங்காமல் ஊரை நடத்துகிறவர்.

"வாங்க டீச்சர். பாறையெல்லாம் சௌக்கியமா?"

"அற்புதக் கிணத்துல கக்கூஸ் குழாய விட்டது யாரு, அண்ணாச்சி?"

"மெதுவா. பந்தக்காரன் நிக்கான்."

"அவனும் அந்தக் கக்கூசுக்குத்தான போறான். கேக்கட்டும்."

அருமைநாயகம் சிரித்தார். கோபக்காரப் பெண்பிள்ளைகளுக்கென்று ஒரு சிரிப்பு வைத்திருந்தார். "தங்கச்சி, ஒரு ஊரு வெள்ளத்தையே குடிச்ச கிணறு அது. நாலு வாளி கழுவுன தண்ணி அதுக்கு எம்மாத்திரம்? செப்டிக் டேங்க் தோண்டுனா முன்னால கார் நிறுத்த இடம் போயிரும். கமிட்டியில உக்காந்து, ஜெபம் பண்ணி எடுத்த தீர்மானம்."

"அது குடிக்கல, அண்ணாச்சி. கொண்டுபோயிக் குடுக்கு. கீழவிளைக்கிணத்துக்கு. அங்க ஆறு வீட்டுல காமாலை. ஒரு பிள்ளத்தாச்சி சாகக் கிடக்கா."

"காமாலை எல்லா ஊருலயுந்தான் வருது. ஈரலு கெட்டவனுக்கு வரும், ஈ மொச்சதத் தின்னவனுக்கு வரும்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அப்படியே நீங்க சொல்லுத மாதிரி இருந்தாலும் பயப்படாதீங்க. நம்ம பக்கம் மேடு. போனாக் கீழ்ப்பக்கந்தான போவும்?"

அவர் அதை ஆறுதலாகத்தான் சொன்னார். அதுதான் டீச்சருக்குத் தாங்கவில்லை.

"அங்கன மனுசங்க இருக்காங்க."

"இல்லன்னு யாரு சொன்னா? சனிக்கிழம எல்லாரும் வந்து வயிறாரச் சாப்பிட்டுத்தான போவாங்க? என்னைக்காவது வேண்டாம்னு சொல்லியிருக்கமா?"

சொன்னதில்லை. கீழவிளைக்காரர்கள் ஒவ்வொரு அசனத்துக்கும் வருவார்கள், கடைசிப் பந்தியில் உட்காருவார்கள், மிச்சத்தைத் தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு போவார்கள். கடைசிப் பந்திதான் என்று யாரும் சட்டம் போட்டதில்லை. அவர்களாகவே காத்திருக்கிறார்கள் என்று ஊர் சொல்லிக்கொள்ளும். முதல் பந்தி போதகருக்கும் கமிட்டியாருக்கும்.

"குழாய எடுங்க," என்றாள் டீச்சர்.

"தீர்மானத்த நான் ஒருத்தன் மாத்த முடியுமா? உங்க வீட்டுக்காரரும் கை தூக்கினவர்தான். போய்க் கேளுங்க."

சந்தனச்செல்வி அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். வெட்கத்தில் டீச்சருக்கு அந்தப் பிள்ளையின் பக்கம் திரும்பக்கூட முடியவில்லை.

கிருபாநிதி அன்று சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தபோது, வீட்டில் காப்பி இல்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் இன்பமணி துவைத்த துணியை மறுபடியும் துவைத்துக்கொண்டிருந்தாள். இந்த மாதிரி நேரத்தில் அவளுக்கு வேலை அதிகம்.

"கை தூக்கினீயளா?"

"எந்தக் கை?"

"உங்களுக்கு இருக்கதே ரெண்டு."

கிருபாநிதிக்குப் புரிந்துவிட்டது. செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று வாசலிலேயே நின்றார். "எல்லாரும் தூக்கினாங்க, ஜெயா. நான் மட்டும் மடியில வச்சுக்கிட்டு இருந்தா நல்லாவா இருக்கும்?"

"கல்யாணமான நாள்லருந்து இந்த வீட்டுல சுண்ணாம்புப் பாறையப் பத்திப் பேசுதேன்."

"பேசுத. நான் கேட்டேன்னு எப்ப சொன்னேன்?"

துணி துவைக்கும் சத்தம் நின்றது.

"ஆபீஸ்ல நாள்பூரா எந்தக் கன்டெய்னர் எங்க நிக்குன்னு தேடிட்டு வாரேன். வீட்டுக்கு வந்தா கக்கூஸ் தண்ணி எங்க போவுதுன்னு தேடணுமா?" என்று கொஞ்சம் வேகமாகவே கேட்டார் கிருபாநிதி. தப்புச் செய்த புருஷன்மாருக்கு இப்படி ஒரு வேகம் வரும். ரொம்ப நேரம் நிற்காது. "சரி, கீழவிளைக்குத்தான் போவுதுன்னு எவன் கண்ணால பாத்தான்? நீ பாத்தியா? உன் பாறைக்குள்ள போயிட்டு வந்தவன் யாராவது உண்டா? பாக்காததுக்குப் போயி ஊரோட சண்டை போடுத. கோட்டிக்காரி, பைத்தியம்னு சொல்லமாட்டாவளா?"

சொல்லிவிட்டுச் செம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தார். அவர் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள் டீச்சர். இந்த மனிதர் கெட்டவர் இல்லை. எறும்பை மிதிக்கமாட்டார். பத்துப் பேர் கை தூக்கினால் பதினோராவது கை இவருடையது, அவ்வளவுதான். நினைக்க நினைக்க அதுதான் அவளுக்கு ஆத்திரமாக வந்தது. கெட்டவனாக இருந்தால் ஏசிவிட்டுப் போகலாம். இவரை என்ன செய்ய?

கண்ணால் பார்க்கத்தானே வேண்டும்?

வெள்ளிக்கிழமை முதல் பீரியடில் வகுப்புக்குள் வந்ததும் புத்தகத்தை மேசையில் போட்டாள். "தண்ணி பாறைக்குள்ள எந்த வழியாப் போவுதுன்னு கண்டுபிடிக்கணும்னா அதுல கலர் கரைச்சு விடுவாங்க. எங்க கலர் வருதோ அங்க வழி. அதுக்குன்னு சாயம் இருக்கு, நம்மகிட்ட இல்ல. குடிக்கிற தண்ணியில போறது. குடிச்சாலும் ஒண்ணும் செய்யக்கூடாது. என்ன செய்யலாம்?"

"கேசரிப் பவுடர்," என்றான் பெவின். பூகோளத்தில் அவன் சொன்ன முதல் சரியான பதில் அதுதான்.

"எவ்வளவு இருக்கு?"

"தீவாளிக்கு எடுத்த பெட்டி அப்படியே கிடக்கு, டீச்சர். லட்டு போட யாரும் வாங்கல."

மத்தியானம் குரூப்பில் இருந்த பன்னிரண்டு பிள்ளைகளும் வரிசையாகப் போய் அற்புதக் கிணற்றைச் சுற்றி நின்றார்கள். வாளிகளில் கரைத்து ஊற்றினார்கள். கண்ணைக் குத்தும் ஆரஞ்சு. மண்டபத்தில் அசன வேலைக்கு வந்தவர்கள் புண்ணியத்தில் குழாயும் ஓய்வில்லாமல் கக்கிக்கொண்டிருந்ததால், ஊற்ற ஊற்ற எல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு போனது. ஒளித்து மறைத்துச் செய்யவில்லை. வழியில் போனவர்கள் கேட்டபோது டீச்சர் "பூகோளம்" என்றாள். ஊரில் அந்தப் பதிலுக்கு மேல் யாரும் கேட்பதில்லை.

ஆளுக்கொரு கிணறு பிரித்துக் கொடுத்தாள். காலையில் கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பார்க்க வேண்டும். கீழவிளைக்கிணறு சந்தனச்செல்விக்கு. மண்டபத்துக்குப் பக்கத்தில் உள்ள கோயில் வளாகத்துக் கிணற்றை யாருக்கும் கொடுக்கவில்லை. அது மேட்டில் இருந்தது. மேடு பள்ளத்தை அருமைநாயகம் நம்பியதுபோலத்தான் டீச்சரும் நம்பியிருந்தாள், என்ன செய்ய.

சனிக்கிழமை விடிந்தும் விடியாமல் போன் வந்தது. "டீச்சர், வந்துட்டு," என்றாள் சந்தனச்செல்வி. அதற்குமேல் பேச முடியாமல் அழுதாள். "அதத்தான டீச்சர் எங்க மதினி குடிச்சா."

டீச்சர் தலையைக்கூடச் சரியாகச் சீவாமல் கிளம்பினாள். பாட்டிலோடு அந்தப் பிள்ளை கோயில் வாசலில் நின்றது. வெளிச்சத்தில் பிடித்தால், சந்தேகமே இல்லை, லேசான ஆரஞ்சு. இருவருமாக அருமைநாயகத்தின் முன்னால் போய் நின்றார்கள்.

அவர் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற கமிட்டியாருக்கும் காட்டினார். "துரு," என்றார்.

"துருவா? கீழவிளைக்கிணத்துல இரும்பே கிடையாது, அண்ணாச்சி. கயிறும் பிளாஸ்டிக் வாளியும்."

"அப்ப வாளியில உள்ள கலரா இருக்கும்." பாட்டிலைச் சந்தனச்செல்வியின் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "நல்ல நாளும் அதுவுமா இப்படி வந்து நிக்கலாமா? பெறகு பாப்போம். பிள்ள சாப்பிட்டுட்டுப் போ, என்ன?"

"உங்க கிணத்தையும் ஒருக்கப் பாத்துருங்க," என்றாள் டீச்சர், வீம்புக்கு.

"நம்ம கிணறு மேட்டுல இருக்கு, தங்கச்சி."

கமிட்டியார் வரிசையில் கிருபாநிதியும் நின்றார். பாட்டில் அவர் கைக்கும் வந்துபோனது. அவர் அதைப் பார்த்ததைவிடத் தரையைப் பார்த்த நேரம் அதிகம்.

அசனத்துச் சமையலுக்குத் தலைமை ஜேசுபாதம் மாஸ்டர். அவர் கையால் சோறு வடித்தால் பருக்கை ஒட்டாது, குழையாது, மல்லிகைப்பூ மாதிரி உதிரும் என்று ஏரல் வரைக்கும் பெயர். முதல் அண்டாவில் கொதி வந்து, கஞ்சி வடித்து, பாயில் கொட்டினார்கள். மாஸ்டர் துடுப்பைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

"எவம்லே அது! எவம்லே சோத்துல கேசரிப் பவுடரப் போட்டது? இது அசனமாலே, மந்திரி வீட்டு ரிசப்ஷனா?"

யாரும் போடவில்லை என்று கையாட்கள் சத்தியம் செய்தார்கள். இரண்டாவது அண்டாவைத் திறந்தார்கள். அதுவும் ஆரஞ்சு. அரிசி களைந்த தொட்டியைப் பார்த்தார்கள். தொட்டியிலேயே ஆரஞ்சு. அசனத்துக்காக முந்தின நாள் மத்தியானத்திலிருந்து கோயில் கிணற்றில் மோட்டாரை நிறுத்தாமல் ஓட்டியிருந்தார்கள். அருமைநாயகம்தான் பக்கத்தில் நின்று ஓட்டச்சொன்னார். கிணறு வற்ற வற்ற நாலா பக்கத்துப் பொந்திலிருந்தும் தண்ணீர் பாய்ந்து வந்து அந்த இடத்தை நிரப்பியது. பாறைக்குள் ஏது மேடு, ஏது பள்ளம்? உறிஞ்சுகிற பக்கம் தண்ணீர் போகிறது.

டீச்சருக்கு அந்த நிமிஷமே அது விளங்கியது. விளங்கியதும் கொஞ்சம் திடுக்கிட்டாள், இல்லையென்று சொல்வதற்கில்லை. அதற்குள் பந்தலெல்லாம் செய்தி பரவி, தூக்குவாளியும் கையுமாக சனம் அடுப்பங்கரையைச் சூழ்ந்துகொண்டது. அற்புதமோ என்று ஒரு கிழவி கையெடுத்தாள். விஷம் வைத்துவிட்டார்கள் என்று ஒருவர் கத்தினார். அருமைநாயகம் மைக்கைப் பிடித்தார்.

"சபையார் அமைதியா இருக்கணும். புதுக்குழாய். அதுல உள்ள துரு..."

"துரு இல்ல!" டீச்சருக்கு மைக் தேவைப்படவில்லை. நாற்பது பிள்ளைகள் உள்ள கீழ்வகுப்புகளில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கப் பழகிய தொண்டை. "கலர் போட்டது நான். நேத்து மத்தியானம் அற்புதக் கிணத்துல, பட்டப்பகல்ல, பிள்ளைகள வச்சுக்கிட்டுப் போட்டேன். கேசரிப் பவுடர். தின்னா ஒண்ணும் செய்யாது. அதே கிணத்துலதான் மண்டபத்துக் கக்கூஸ் குழாய் விழுது. கலர் வந்த வழியிலதான் அதுவும் வந்துருக்கு. கலர் நான் போட்டது. மத்தது நீங்க போட்டது."

ஜேசுபாதம் மாஸ்டர் துடுப்பைக் கீழே போட்டார்.

பிறகு ஓர் அம்மாள் குனிந்து வாந்தி எடுத்தாள். காலையிலேயே பந்தலில் காப்பி கொடுத்திருந்தார்கள், எல்லாரும் குடித்திருந்தார்கள். யாரோ அருமைநாயகத்தின் பெயரைச் சொல்லி ஏசினார்கள். அடுத்தவர் அவருடைய அப்பாவையும் சேர்த்து ஏசினார். சென்னையிலிருந்து இதற்காகவே வந்த ஒருவர், "எங்களுக்குக் கக்கூஸ் தண்ணியா குடுக்கிய?" என்று நாற்காலியைத் தூக்கினார். போதகர் கண்ணை மூடிக்கொண்டார். ஜெபமா மயக்கமா தெரியவில்லை. நடுவில் இன்பமணி, "தெரிஞ்சவ முன்னாலயே சொல்லிருக்கலாம்லா? கறியெல்லாம் போச்சே!" என்று டீச்சரைப் பிடித்துக்கொண்டாள்.

அரை மணி நேரத்தில் பிளம்பர் வந்தார். இன்னும் அரை மணியில் குழாயை அறுத்து, வாயை சிமென்ட் வைத்து அடைத்தாயிற்று. மண்டபத்துக் கக்கூசுக்குப் பூட்டு. கமிட்டியார் நின்றபடியே கூடி, கார் நிறுத்தும் இடத்தில் செப்டிக் டேங்க் தோண்டுவதென்று கை தூக்கினார்கள். இந்தத் தடவை ஜெபம்கூடப் பண்ணவில்லை.

டீச்சர் கேட்டது அதைத்தான். கிடைத்துவிட்டது. அவளோ நின்ற இடத்தில் எரிந்துகொண்டிருந்தாள். கீழவிளையில் கண் மஞ்சளானபோது இந்த ஊருக்கு வராத கோபம் சோறு மஞ்சளானபோது வந்துவிட்டது. வியாழக்கிழமை அவள் சொன்னதும் இன்று சொன்னதும் ஒரே சொல். வியாழக்கிழமை அது பூகோளம், இன்றைக்கு அது அக்கிரமம். கூட்டத்தில் ஒருவராவது கீழவிளை என்ற பெயரை எடுக்க வேண்டுமே? சந்தனச்செல்வி பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு பாட்டிலும் கையுமாக நின்றாள். அவளை இடித்துக்கொண்டுதான் எல்லாரும் போனார்கள், வந்தார்கள்.

"டீச்சர்." அருமைநாயகம் வந்து முன்னால் நின்றார். இப்போது தங்கச்சி இல்லை. வேட்டி மடிப்பும் நலுங்கியிருந்தது. "அசனத்தக் கெடுத்தாச்சு. சந்தோசந்தான? திங்கக்கிழம ஸ்கூலுக்கு வரவேண்டாம். ஆர்டர் வீட்டுக்கு வரும்."

"கீழவிளைக்குத் தண்ணி?"

"முதல்ல இங்க இருக்க சனத்துக்குச் சோறு போடணும். சாத்தான்குளத்துலருந்து தண்ணி லாரி வருது."

லாரியா? டீச்சர் சுற்றிலும் பார்த்தாள். கிருபாநிதிதான் போனில் லாரிக்குச் சொல்லிக்கொண்டிருந்தார், வழி உட்பட. அவள் சந்தனச்செல்வியின் கையைப் பிடித்தாள். "ஏளா, வா."

பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் சாலை இரண்டாகப் பிரியும். வலப்பக்கம் கோயில், இடப்பக்கம் கீழவிளை. சேலையை வரிந்து செருகிக்கொண்டு டீச்சர் நடுச்சாலையில் நின்றாள். லாரி வந்து, ஹாரன் அடித்து, அவள் அசையாததால் நின்றது. டிரைவர் பாண்டியராஜ் தலையை நீட்டினார்.

"என்னம்மா, சாவணும்னா வேற வண்டி கிடைக்கலியா?"

"கீழவிளைக்குத் திருப்புங்க."

"அசனத்துக்குன்னு ஆர்டர் தந்துருக்காங்க."

"அசனத்துக்குத்தான். முதல் பந்தி அங்கன."

"எனக்கு எப்படித் தெரியும்?" பாண்டியராஜ் போனை எடுத்தார். "சொன்னவருகிட்ட கேட்டுக்கிடுதேன்." ஸ்பீக்கரில் போட்டார். "சார், இங்கன ஒரு அம்மா மறிச்சுக்கிட்டு நிக்காங்க. கீழவிளைக்குப் போவச் சொல்லுதாங்க. மூக்கெல்லாம் செவந்து போயிருக்கு."

போனுக்குள் கூட்டத்தின் இரைச்சல் கேட்டது. கிருபாநிதியின் குரல் கேட்கவில்லை. பக்கத்தில் யாரோ, "லாரியா? லாரிக்காரனா? எங்க வாரானாம்?" என்று கேட்டார்கள். அது அருமைநாயகத்தின் குரல்.

டீச்சர் நடுச்சாலையை விட்டு நகரவில்லை. கட்டியவரிடம் கெஞ்சுவதில்லை என்று நின்றாள்.

"அவங்க சொல்லுத இடத்துக்குப் போங்க," என்றார் கிருபாநிதி. உடனே போனை வைத்துவிட்டார். மறுபடி அழைத்தபோது அணைத்து வைத்திருந்தார். அணைத்தாரா, யாராவது பிடுங்கினார்களா, அதைத் தெரு இன்னும் விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறது.

டீச்சர் அதற்காக உருகிவிடவில்லை. சந்தனச்செல்வியோடு ஏறி உட்கார்ந்தாள். "கதவ அடைங்க. பள்ளம் பாத்து ஓட்டுங்க, ஒரு சொட்டு சிந்தக் கூடாது."

கீழவிளையில் லாரியைக் கண்டதும் பெண்கள் குடத்தோடு ஓடி வந்தார்கள். ஒருவன் முதல் ஆளாக வாளியைப் பிடித்துப் பைக்கில் ஊற்றப்போனான். "ஏலே, அது குடிக்கிற தண்ணி! பைக்கு தாகத்துல சாவுதாக்கும்?" என்று டீச்சர் போட்ட சத்தத்தில் வாளியைக் கீழே வைத்துவிட்டான். கிணற்றுக்குப் பக்கத்தில் நின்ற ஓர் ஆளிடம் கயிற்றையும் வாளியையும் அவிழ்க்கச் சொன்னாள். "இதுல ஒரு சொட்டு எடுக்கக் கூடாது. குழாய அடைச்சாலும் உள்ள இருக்கது உள்ளதான் இருக்கு."

"எம்புட்டு நாளைக்கும்மா?" என்று கேட்டாள், குடத்தை இடுப்பில் வைத்த ஒருத்தி.

டீச்சருக்குத் தெரியவில்லை. பாறைக்குள் எவ்வளவு இறங்கியிருக்கிறதோ, எத்தனை மழை வந்து கழுவ வேண்டுமோ, அது எந்தப் பாடத்திலும் இல்லை. தெரியாது என்றே சொன்னாள்.

"நாளைக்கும் லாரி வருமா?"

அந்த நேரம் பார்த்து அவளுடைய போன் அடித்தது. அருமைநாயகம். எடுத்ததும் அவர் கத்தியது குடம் வைத்திருந்தவளுக்கும் கேட்டது. இரண்டாயிரம் சனம் இலை முன்னால் உட்கார்ந்திருக்கிறதாம். போலீசுக்குச் சொல்வாராம். வேலை போனதுதானாம், இந்த ஜென்மத்தில் திரும்பிக் கிடைக்காதாம்.

டீச்சர் அவர் மூச்சு வாங்கும்வரை பொறுத்தாள்.

"அண்ணாச்சி, ஆர்டர நீங்க பைய டைப் அடிங்க," என்றாள். "நாளைக்கு லாரி எத்தன மணிக்கு வரும்? அதச் சொல்லுங்க. இங்கன நிக்கிறவங்க கேக்காங்க."